பெல்ட்டின் உள்சுற்று

அத்தியாயம் 17

பெரம்பூர் தேவப்பிரியம் வீட்டிலிருந்து அந்தப் பழைய ஜீப் வந்து சேர்ந்த அழகைப் போன வாரமே பார்த்துவிட்டோம். தாம்பாளத்தில் பழத்தோடு சாவியை வைத்துக் கொடுத்தார்கள். சாலமோன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஜெபம் நடந்தது. கேசரி சாப்பிட்டாகிவிட்டது. வண்டியின் பானெட்டை மட்டும் யாரும் திறக்கவில்லை.

இத்தனைக்கும் சாலமோன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ராயபுரத்தில் படகுக்காரர்களுக்குக் கயிறும் சங்கிலியும் பெயிண்டும் விற்கிறவர். கயிற்றுக்கட்டு கடைக்கு வந்தால், கொண்டுவந்தவன் கண்ணெதிரிலேயே கட்டுக்குள் கையை விட்டு நடுவிலிருந்து உருவிப் பார்ப்பார். "வெளிச்சுத்தை எவனும் நல்லாத்தான் வைப்பான். உள்சுத்தைக் காட்டு" என்பார். உள்ளே நைந்திருந்தால் வந்த வண்டியிலேயே சரக்கு திரும்பிப் போகும். ஆனால் கொண்டுவந்தவனே, "அண்ணாச்சி, இதுல நடுவுல கொஞ்சம் நைஞ்சிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் திருப்ப மாட்டார். நைந்த இடத்தில் ஒரு நீல நூலைக் கட்டி கடையிலேயே வைத்துக்கொள்வார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சொன்ன சரக்கு'.

அப்பேர்ப்பட்டவர் சம்பந்தி வீட்டு வாசலில் பானெட் வரைக்கும் கொண்டுபோன கையைப் பின்னுக்கு இழுத்து, வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார். மகள் அனிஷா அதைப் பார்த்தாள். சம்பந்தி ஆகப்போகிறவர்கள் கொடுக்கும் பொருளைத் திறந்து பார்ப்பது அவர்கள் சொந்தபந்தத்தில் வழக்கமில்லை. அவர்கள் பரிமாறிய சோற்றை முகர்ந்து பார்ப்பது மாதிரி அது.

ஜீப் தேவைப்பட்டது அனிஷாவுக்குத்தான். அண்ணன் அபின் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களுக்குச் சரக்கு கொண்டுபோவது அவள் பொறுப்பு. கழிமுகத்தைத் தாண்டினால் பாதி மணல், மீதி சாம்பல் படிந்த சேறு. கடையின் சின்ன லோடு வண்டி அங்கே புதையாத வாரமே கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வேண்டும் என்று அவள் அலைந்துகொண்டிருந்தபோதுதான், "நம்ம வீட்டு வண்டி ஊர்ல தோட்டத்துல சும்மா நிக்குது" என்று தேவப்பிரியம் முன்வந்தார். "மழைத்தண்ணி கூட அதிகம் படாத வண்டி" என்றும் சேர்த்துச் சொன்னார்.

இன்று சனிக்கிழமை. நாளைக் காலை கோயிலில் அனிஷாவுக்கும் தேவப்பிரியத்தின் மகன் ஃப்ரெடிக்கும் முதல் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் சபையின் நடுவே கேட்பார். அடுத்த இரண்டு ஞாயிறும் இதையே கேட்பார். யாரும் எழுந்து எதுவும் சொன்னதாக அனிஷாவுக்கு நினைவில்லை. அந்த நேரத்தில் சபையே இருமும், அவ்வளவுதான்.

கல்யாணப்பெண் முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். அவளோ திருவொற்றியூரில் உதயாவின் மெக்கானிக் ஷெட்டில், ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திங்கட்கிழமை எண்ணூர் லைன் போக வேண்டும். அதற்கு முன் வண்டியின் எல்லா எண்ணெயையும் மாற்றிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"அதான்க்கா மொதல் வேலை" என்றான் உதயா, ஜீப்புக்கு அடியிலிருந்து. "பழ்சு வாங்குனா எஞ்சின் ஆயிலு, கியர் ஆயிலு, கிரவுன் ஆயிலு, அல்லாத்தையும் கீழ ஊத்திட்டு புச்சா வுடணும். எவன் எப்ப மாத்துனான்னு நமக்கு இன்னா தெரியும்? அவன் சொல்றான்னு நம்பிகினு இருந்தா நடு ரோட்ல பேஜாராய்டும்."

"என் மாமனார் வீட்டு வண்டி உதயா. பார்த்துப் பேசு."

"உன் மாமனாரு நல்லவருதான்க்கா. நான் வண்டியச் சொன்னேன்."

அவன் வாய் ஓயாது. ஆனாலும் வேலை நடக்கும். பின் அச்சின் உருண்டையான பெட்டிக்கடியில் தட்டை வைத்து நட்டைக் கழற்றினான். அதற்குள்தான் பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும். அதைத்தான் அவன் கிரவுன் என்கிறான்.

அனிஷா வெயிலுக்கு ஒதுங்கி ஜீப்பின் இடது முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து அவன் குரல் மாறி வந்தது.

"அக்கா, இத்த வந்து பாரேன்."

தட்டில் இருந்தது கறுப்பு எண்ணெய் இல்லை. டீக்கடையில் பாலை தாராளமாக ஊற்றிய டீ எப்படி இருக்கும், அந்த நிறத்தில் கொழகொழவென்று இருந்தது.

"தண்ணி கலந்துகீது. எவனோ வாய்க்கால் கீய்க்கால்ல எறக்கி வெளாட்டு காட்டிக்கீறான். ஜீப்பு வச்சினுகீறவன் அல்லாரும் பண்றதுதான், அதுக்கோசரம் நீ பயப்படாத" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டான். "ஆனா ஒண்ணுதான்க்கா எனக்கு வெளங்கல. வண்டில அல்லாமே பழ்சு. பிரேக்கு மட்டும் புச்சு. சிலிண்டரு, ஓஸு, பேடு, நாலு வீல்லயும் பளபளன்னு கீது. கைமாத்தி வுடற வண்டிக்கு எவனாச்சும் கண்ணுக்குத் தெரியாத எடத்துல புச்சு போடுவானா? பெயிண்ட்டல்ல அடிப்பான்?"

அனிஷாவுக்கும் விளங்கவில்லை. வாய்க்காலில் இறக்கியிருப்பார்கள், தோட்டத்து வண்டிதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மறுபடி சீட்டில் ஏறினாள். தேவப்பிரியம் மாமா மறந்திருப்பார். வயசானவர்.

கை சும்மா இருக்கவில்லை. கடையில் பிறந்து வளர்ந்த கை. தோளுக்குப் பக்கத்தில் சுருண்டிருந்த சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு ஆளுக்குப் போடுகிற நீளத்தோடு நிறுத்தாமல், கயிற்றுக்கட்டின் உள்சுற்றை உருவுகிற மாதிரி, வர வர இழுத்துக்கொண்டே இருந்தாள். வெளியே தெரிகிற வரைக்கும் பெல்ட் துவைத்து சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம் நிறம் மங்கியது. கடைசியில், இனி வராது என்று முட்டிக்கொண்ட இடத்தில், பெல்ட்டின் குறுக்கே ஒரு சேற்றுக்கோடு. காய்ந்த வண்டல் பொலபொலவென்று அவள் மடியில் உதிர்ந்தது. விரலில் எடுத்து முகர்ந்தாள். வாய்க்கால் தண்ணீரின் மணம் இல்லை அது. கழிவும் டீசலும் கலந்த, மழைக்காலத்து வடசென்னையின் மணம். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிரைவர் பக்கத்துப் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே உயரத்தில் அதே கோடு.

போன மழையில் கொடுங்கையூர்ப் பக்கம் தேவப்பிரியத்தின் மளிகைக் குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதை ஊரே அறியும். மூட்டை மூட்டையாகப் பருப்பு ஊறிப்போனதைச் சொல்லிச் சொல்லி அவர் வருத்தப்பட்டிருக்கிறார். ஜீப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அனிஷாவுக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அது பாதி உண்மைதான். கோபத்துக்கு முன்னால் பயம் வந்தது. வண்டியைப் பற்றி இல்லை. எண்ணெய் மாற்றலாம், பேரிங் மாற்றலாம். ஃப்ரெடிக்கு இது தெரியுமா? தினமும் அவள் எண்ணூர்ப் பாலத்தில் ஏறுகிற நேரம் பார்த்து, "பாலம் தாண்டியாச்சா?" என்று கேட்கிற ஃப்ரெடிக்கு?

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சாலமோன் கடையிலிருந்து ஒரு கிரீஸ் டின்னோடு வந்து இறங்கினார். மகளுக்கு வாங்கிய வண்டிக்கு எந்தக் கிரீஸ் போடுகிறார்களோ என்ற கவலை அவருக்கு. தட்டில் இருந்ததைப் பார்த்தார். கிரீஸ் டின்னை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மூடச் சொல்லுட்டி அதை."

"அப்பா, இங்க ஒண்ணு காட்டறேன், வாங்க."

"எனக்கு ஒண்ணும் காட்டாண்டாம்."

"பெல்ட்டைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க. நீங்க கயிறு பார்க்கிற மாதிரி."

அவர் ஜீப்பின் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டில் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்த கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி நின்றார்.

"பாத்தா கேக்கணும்" என்றார். "கேட்டா அந்த மனுசன் ஒரு பதில் சொல்லணும். அப்புறம் நாளைக்குக் கோயில்ல அவரும் நானும் ஒரே பெஞ்சுல எப்படி உக்காருவோம்? சொல்லு பாப்போம். புது ஆயிலை ஊத்து, மூடு. போற வண்டி போயிட்டு இருக்கட்டும்."

"ஃப்ரெடிக்கும் தெரிஞ்சிருந்தா?"

சாலமோன் கிரீஸ் டின்னைக் காலால் ஓரமாக நகர்த்தினார். உதயா சமயம் பார்த்து ஸ்பானரைத் தேடுவதாக ஷெட்டுக்குள் போய்விட்டான்.

"அந்தப் பையன் நல்ல பையன்" என்றார் கடைசியில்.

"வெளிச்சுத்து நல்லாத்தான் இருக்குப்பா."

அவர் வார்த்தையே அவருக்குத் திரும்பி வந்ததில் முகம் சுருங்கிப்போயிற்று. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிரீஸ் டின் அங்கேயே இருந்தது. சொல்லியிருக்க வேண்டாம் என்று அனிஷாவுக்கு உடனே தோன்றியது. ஆனால் சொன்னது சரி என்றும் தோன்றியது.

மதியம் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு உலகம். அம்மா ஜெயக்கொடி நாளைய விருந்துக்கு நாட்டுக்கோழி சொல்லி, மசாலா வறுத்து, வீடெல்லாம் மல்லி மணக்க உட்கார்ந்திருந்தாள்.

"அவிய வீட்டுல இருந்து போன் வந்துச்சு. காருல எல்லாரும் ஏற முடியாதாம். அத்தைமார் ரெண்டு பேரு கூட வாராவளாம். உன் மாமனாரு ஆட்டோ பிடிச்சு வந்துருதேன்னு சொன்னாவ" என்றவள் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு கரண்டியை வைத்தாள். "என்னட்டி?"

அனிஷா சொன்னாள். எண்ணெய், பெல்ட், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாவற்றையும்.

ஜெயக்கொடி அடுப்பைச் சிறிதாக்கினாள். இந்தக் கல்யாணத்துக்காக அவள் எத்தனை வீட்டுப் படியேறினாள் என்பது, தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். அனிஷா, அம்மாவும் மூடச் சொல்வாள் என்றுதான் நினைத்தாள்.

"உங்கப்பா குறட்டை விடுவாருங்கறதே எனக்குக் கல்யாணம் முடிஞ்ச அன்னைக்குத்தான் தெரியும்" என்றாள் ஜெயக்கொடி. "யாரும் சொல்லல, நானும் கேக்கல. குறட்டை பரவால்ல. காதுல பஞ்சை வச்சிக்கிடலாம். இது அப்படியா? கேளு அவன்கிட்ட. இன்னைக்குக் கேக்காம விட்டேன்னா, அப்புறம் அவன் எதைச் சொன்னாலும் நீ பெல்ட்டை இழுத்து இழுத்துப் பாத்துட்டே இருப்ப. அது ஒரு வாழ்க்கையாட்டி?"

"அப்பா கோவிப்பாரு."

"கோவிக்கட்டும். கோழிக்குழம்பு வச்சா சரியாப் போயிருவாரு."

சாயங்காலம் உதயா வண்டியை முடித்துக் கொடுத்தான். அனிஷா அதை ஓட்டிக்கொண்டு திருவொற்றியூர் கடற்கரைச் சாலைக்குப் போனாள். கடல் ஊருக்குள் வராமல் கொட்டி வைத்திருக்கும் கருங்கல் பாறைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பிரேக்கை மிதித்த இடத்திலேயே வண்டி நின்றது. அது அவளுக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது.

ஃப்ரெடி பைக்கில் வந்தான். சிரித்துக்கொண்டேதான் வந்தான். ஜீப்பின் இடது கதவு திறந்திருந்தது. பெல்ட்டை முழுக்க இழுத்து, உள்ளே போகாமல் சீட்டின் மேல் மடித்து, அதன்மேல் கிரீஸ் டின்னை வைத்திருந்தாள். சேற்றுக்கோடு மேலே தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஃப்ரெடியின் சிரிப்பு போய்விட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"உனக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியும்" என்றான்.

'தெரியாது' என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா என்று அனிஷா யோசித்தாள். நம்பியிருப்பாள். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"குடோன்லதான் நின்னுது. தண்ணி வடிஞ்சப்புறம் நான்தான் தள்ளி வெளிய கொண்டுவந்தேன். எங்கப்பா துடைச்சு, கழுவி, சீட் எல்லாம் மாத்தினாரு. ஊர்ல நின்ன வண்டின்னு சொல்வாருன்னு எனக்குத் தெரியாது அனிஷா. உங்க அப்பா முன்னாடி அவரு அதைச் சொன்னப்பதான் நானும் கேட்டேன்."

"கேட்டுட்டு?"

"நின்னேன்."

"பிரேக்கை மாத்தினது யாரு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

"நான்தான். வீட்டுக்குத் தெரியாது. வண்டியை உனக்குக் குடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஒரு ஆளை வச்சு மாத்தினேன். சேத்துத் தண்ணி போன பிரேக் எப்ப வேணா கைவிட்டுரும். நீ பாட்டுக்கு லாரிங்களுக்கு நடுவுல..."

அனிஷாவுக்கு அவனை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும், அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"இவ்வளவு பண்ணத் தெரிஞ்சவனுக்கு எனக்கு ஒரு போன் பண்ணத் தெரியலையா?"

"உங்க அப்பா கேப்பாருன்னு நினைச்சேன். நிஜமா. கயிறு வாங்குறதுக்கே அவ்ளோ பார்க்கிறவரு. பானெட்டைத் திறந்திருந்தா நான் அங்கயே எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். எங்கப்பாவுக்கும் வேற வழி இருந்திருக்காது. அவரு திறக்காம சாவியை வாங்கிக்கிட்டாரு. அப்படி நம்பி வாங்குறவர்கிட்ட போயி, எங்கப்பா பொய் சொல்றாருன்னு நான் எப்படிச் சொல்றது?"

அப்பா மரியாதைக்காகத் திறக்கவில்லை. அவர் திறக்காததால் இவன் வாயைத் திறக்கவில்லை. நல்ல குடும்பங்கள்தான் இரண்டும், யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்டுவிடாத குடும்பங்கள். நாளைக்குக் கோயிலில் போதகர் கேட்கும்போதும் எல்லாரும் இப்படித்தான் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அனிஷா நினைத்தாள்.

"எங்கப்பாகிட்ட வந்து சொல்லு" என்றாள். "இன்னைக்கே. ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடி."

"எங்கப்பா முகத்துல அப்புறம் எப்படி முழிப்பேன்?"

"தெரியல ஃப்ரெடி. கஷ்டம்தான். ஆனா நாளைக்கு நமக்குன்னு ஒரு வீடு இருக்கும். கூரை ஒழுகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், உனக்கு வியாபாரம் படுத்துரும். அப்பவும் எனக்குத் தெரியாம பிரேக்கை மட்டும் மாத்தி வச்சிட்டு, வாயை மூடிட்டு நிப்பியா? எனக்குப் பிரேக் வேண்டாம். என்ன ஆச்சுன்னு சொல்ற ஆள் வேணும்."

பாறைமேல் அடித்த அலை இரண்டு பேர் மேலும் தெறித்தது. பிறகு அவன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். போனது பெரம்பூருக்கா ராயபுரத்துக்கா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் கொஞ்ச தூரம் ஒரே ரோடுதான்.

விளக்கு போடுகிற நேரத்துக்கு அவள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தியபோது, அங்கே பைக் இல்லை. உள்ளே சாலமோன் நாளைக்குப் போடப்போகும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகள் வந்தும் நிமிரவில்லை. போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, கண்ணாலேயே 'என்னாச்சு?' என்று கேட்டாள். அனிஷா உதட்டைப் பிதுக்கினாள். நாளைக்கு ஓலையை நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் முடிவெடுத்தேவிட்டாள். அதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது வாசலில் பைக் சத்தம் கேட்டது.

"வாங்க தம்பி, வாங்க" என்று சாலமோன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஏ, ஜெயக்கொடி! தம்பிக்கு காபி கொண்டா."

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்."

"காபி குடிங்க மொதல்ல. அம்மா சௌக்கியமா? அத்தைமாரெல்லாம் வாராவளாமே."

"வண்டியைப் பத்தி மாமா."

"வண்டிக்கு என்ன, ராஜா மாதிரி நிக்குது. தம்பி, உக்காருங்க. இந்த வெக்கையில..."

மனிதர் மன்றாடிக்கொண்டிருந்தார். இந்த ஒரு பையன் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் நாளைப் பொழுது நல்லபடி போய்விடும் என்ற ஆசை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அனிஷாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஃப்ரெடி உட்காரவில்லை. "அந்த வண்டி ஊர்ல நிக்கல மாமா. மழையில எங்க குடோன்ல தண்ணிக்குள்ள நின்னுது. எங்கப்பா உங்ககிட்ட மறைச்சாரு. நானும் பக்கத்துல நின்னு மறைச்சேன்" என்றான். கடைசி வார்த்தை வரைக்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்தான்.

சாலமோன் இஸ்திரிப்பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார்.

"நீங்க இங்க வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார் சாலமோன்.

"தெரியாது மாமா. இனிமேதான் சொல்லணும்."

சாலமோன் எழுந்தார். வாசலுக்குப் போனார். காலையில் திரும்பிப் பார்க்க மறுத்த ஜீப்பின் இடது கதவைத் திறந்து, பெல்ட்டின் நுனியைப் பிடித்தார். கடையில் கயிற்றை உருவுகிற அதே கணக்கில், கைமாற்றி கைமாற்றி, நிதானமாக இழுத்தார். கோடு வந்தது. பெருவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். தெருவிளக்கில் விரலை நீட்டி வண்டலைப் பார்த்தார்.

அனிஷாவும் ஃப்ரெடியும் பின்னாலேயே வாசலுக்கு வந்து நின்றார்கள்.

சாலமோன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். அந்தப் பையில் சில்லறை இருக்கிறதோ இல்லையோ, கடை நூல் எப்போதும் இருக்கும். நீல நூலை எடுத்து, சேற்றுக்கோட்டின் மேல் இறுக்கி ஒரு கட்டுக் கட்டினார். நுனியைப் பல்லால் கடித்து அறுத்தார். பெல்ட்டை விட்டார். அது சுருண்டு உள்ளே ஓடப் பார்த்தது. முடிச்சு, பெல்ட் நுழைகிற பிளவில் முட்டிக்கொண்டதால் போக முடியாமல், கறை வெளியே தெரிய அப்படியே தொங்கியது.

"உங்கப்பாகிட்ட பேசுறது என் வேலை. அது வேற" என்றார் ஃப்ரெடியிடம். "நீங்க உள்ள வந்து காபி குடிங்க மாப்ள."

இத்தனை நாளும் 'தம்பி' என்று கூப்பிட்டவர் அவர். அந்த முடிச்சு ஜீப்புக்குப் போட்டதில்லை என்று அனிஷாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தானா சாலமோனின் போன் அடிக்க வேண்டும்! திரையில் 'சம்பந்தி பெரம்பூர்' என்று வந்தது. சற்று முன் அத்தனை வீரமாக முடிச்சுப் போட்டவர், போனைக் கையில் வைத்துக்கொண்டு அது ஏதோ கடிக்கும் என்பது போல விழித்தார். ஃப்ரெடி தரையைப் பார்த்தான்.

"குடுங்கப்பா" என்று அனிஷா வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நான் அனிஷா பேசறேன். சௌக்கியமா இருக்கீங்களா?... ஆமா மாமா, அம்மா சொன்னாங்க. ஆட்டோ எல்லாம் எதுக்கு? நம்ம ஜீப் இருக்கே. காலையில நானே பெரம்பூர் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"நல்லா ஓடுது மாமா. பிரேக் ரொம்ப நல்லாப் பிடிக்குது" என்றாள், ஃப்ரெடியைப் பார்த்தபடி. "நீங்க முன்னால, என் பக்கத்துல உக்காருங்க. ஒண்ணே ஒண்ணு மாமா, ஏறினதும் மறக்காம பெல்ட்டைப் போட்டுக்கணும்."